ஏழாவது படகு

"வரி ஒன்று. ஏன்?"

பிரகாசிக்குக் கேள்வியே புரியவில்லை. முதல் வரியில் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: என் கணவர் இராயப்பன் அன்றைக்குப் பவளப் பண்ணைப் பக்கம் போகவே இல்லை. இதில் ஏன் என்று கேட்க என்ன இருக்கிறது?

"போகல. அதான்."

"அது முடிவு. காரணத்தைச் சொல்லுங்கள்."

"எங்கிட்டச் சொன்னாவ. இருவது வருசத்துல எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல."

சொல்லும்போதே அவளுக்கு உறுத்தியது. முந்நூறு பொய்யாவது சொல்லியிருப்பான். குடும்பம் என்றால் அப்படித்தான்.

கூண்டு மாதிரியான அறையில் ஒரு நாற்காலியும் ஒரு திரையும் இருந்தன. திரையில் அவளுடைய கையெழுத்து பெரிதாக விரிந்து கிடந்தது. முதல் வரி மட்டும் சிவந்திருந்தது. அதற்குக் கீழே மூன்று பக்கத்துக்கு அவள் எழுதியிருந்த மாமியாரின் நோய், வீட்டுக் கஷ்டம், கோயிலுக்கு இராயப்பன் செய்த ஊழியம் எதையும் அது தொடக்கூட இல்லை.

"எதை நிறுவ வேண்டுமோ அதையே காரணமாகக் காட்டியிருக்கிறீர்கள். முறையீடு ஏற்கப்படவில்லை. மீதம் இரண்டு வாய்ப்புகள்."

அந்த இயந்திரத்துக்கு அரசு வைத்த பெயர் முறையீட்டு நடுவம். ஊர் வைத்த பெயர் ஏன்சாமி. அதற்கு அழுகை கேட்காது, சிபாரிசு செல்லாது, கை நீட்டத் தெரியாது. தண்டனை வேண்டாம் என்று வருகிறவர்கள் அது ஏற்றுக்கொண்ட பதிவுகளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரியும் முந்தைய வரிகளிலிருந்து பிறக்கிற மாதிரி எழுதி, தங்கள் முடிவில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அதாவது நிரூபிக்க வேண்டும். மூன்று முறை தோற்றால் பழைய தீர்ப்பு நிலைத்துவிடும்.

இராயப்பன் மேல் இருந்த தீர்ப்பு சின்னது இல்லை. மாதா கோயில் கொடியேற்றத்தன்று சங்குமுனையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. இந்த வருடம் ஏழு படகுகள் வழக்கத்தை மீறிப் போயின. அன்று காலை பத்து மணி ஆகும் முன்பே, பவளப் பண்ணையில் முங்கியிருந்த ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி மேலே வந்தபோது ஒரு படகின் எஞ்சின் விசிறி அவள் காலை வெட்டியது. படகு நிற்காமல் போய்விட்டது. அவள் பிழைத்தாள், இடது பாதம் போயிற்று. படகின் எண்ணை அவள் பார்க்கவில்லை. துறைமுக வாயில் பதிவின்படி அன்று கடலில் இருந்தவை ஏழே படகுகள். ஆறு படகுக்காரர்கள் உடனே நடுவத்துக்குப் போய்த் தாங்கள் அங்கே இருந்திருக்க முடியாது என்று நிரூபித்துவிட்டார்கள். மிச்சம் இராயப்பன். மிச்சம் என்பதே தீர்ப்பாகிவிட்டது: ஆயுளுக்கும் கடலில் கால் வைக்கக் கூடாது.

தடையைக்கூட அவன் தாங்கியிருப்பான். ஆனால் கடலில் ஒருத்தியை விட்டுவிட்டு வந்தவன் என்ற பேரோடு சங்குமுனையில் டீக்கடைக்குக்கூடப் போக முடியாது. நான்கு மாதமாக அவன் போகவில்லை.

நடுவத்துக்கு எதிரே புங்கமரத்தடியில் நாலைந்து மேசைகள். ஒரு காலத்தில் மனு எழுதிக் கொடுத்தவர்கள் இப்போது நிரூபணம் எழுதிக் கொடுக்கிறார்கள். அதில் மூத்த மேசை ஐகோர்ட்ராஜாவுடையது. அது பட்டப்பெயர் இல்லை, குலசாமியின் பெயர். கணக்குப் படிப்பை இரண்டாம் வருடம் பாதியிலேயே விட்டவர். நாற்பத்தைந்து வயதில் அந்தப் பாதி இப்போது சோறு போடுகிறது.

பிரகாசியின் மூன்று பக்கத்தையும் அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"நல்ல மனு. பத்து வருசத்துக்கு முந்தி கொண்டு வந்திருந்தா கலெக்டரே கண்ண தொடச்சிருப்பாரு."

"கேலி பண்ணாதீய அண்ணாச்சி."

"கேலியில்ல. மனுவுல எவ்வளவு சேக்கியோ அவ்வளவு நல்லது. இதுல ஒரு வரி கூடினா ஒரு ஓட்டை கூடும். உன் மாமியாளுக்குச் சக்கர வியாதின்னு எழுதியிருக்க. அது ஏன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"நீங்களே எழுதித் தாங்களேன். நான் கொண்டு குடுக்கேன்."

"எழுதுதேன். ஆனா உள்ள போயி ஏன் ஏன்னு கேக்கும்போது நான் வர முடியாது. மொதல்ல ஆளாளுக்கு மிசின வெச்சு எழுதிட்டு வந்தாவ. ஒவ்வொண்ணும் லெச்சம் வரி. சரியாத்தான் இருந்துச்சு. ஆனா கையெழுத்துப் போட்டவனுக்கு ஒரு வரி புரியல. எதுல கையெழுத்துப் போட்டோம்னே தெரியாம ஒருத்தன் சொந்த வீட்டையே எழுதிக் குடுத்துட்டான். பொறவுதான் சட்டம் வந்துச்சு. எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் கையெழுத்துப் போட்டவ வாயால பதில் சொல்லணும்."

"அதுக்கே எல்லாந் தெரியும்னா அதுவே கண்டுபிடிச்சுச் சொல்ல வேண்டியதுதான?"

"அது தேடாது. தேடுனதச் சரிபாக்கும். அவ்வளவுதான் அதுக்கு அதிகாரம். உக்காரு."

தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். காலை ஐந்து மணிக்குப் படகு துறைமுக வாயிலைத் தாண்டியது. பத்து மணிக்குத் தெற்கே வானிலை மிதவையின் கேமராவில் பதிந்தது. வாயிலிலிருந்து பண்ணை முப்பது மைல், பண்ணையிலிருந்து மிதவை இருபத்து நாலு மைல். பதிவேட்டின்படி இந்தப் படகின் உச்ச வேகம் மணிக்கு எட்டு மைல்.

"இப்ப எழுது: இராயப்பன் பண்ணைக்குப் போனார்."

பிரகாசி பேனாவை வைத்துவிட்டாள். "நீங்களுமா அண்ணாச்சி?"

"யம்மா, போனாருன்னு வெச்சுக்க."

"எதுக்கு வெச்சுக்கணும்? ஊரு பூராம் அப்பிடித்தான் வெச்சிருக்கு. என் கையால அத எழுத மாட்டேன்."

ஐகோர்ட்ராஜா பொறுமையாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதிராளி சொல்லுததையே நாமளும் சொல்லுதோம். சரிப்பா, போனாருன்னே இருக்கட்டும்னு. பொறவு அந்தப் பேச்சையே புடிச்சு நடக்கோம். அது எங்க போயி முட்டுதுன்னு பாப்போம். போனாருன்னா அம்பத்து நாலு மைல். இருந்தது அஞ்சு மணி நேரம். எட்டு மைல் வேகத்துல அஞ்சு மணி நேரத்துக்கு எவ்வளவு?"

"நாப்பது."

"நாப்பதுக்குள்ள அம்பத்து நாலு அடங்குமா?"

"அடங்காது."

"அப்ப போனாருங்கறது?"

"பொய்யி."

"அதான். முட்டிடிச்சு."

அவள் பேனாவை எடுத்து எழுதினாள். இராயப்பன் பண்ணைக்குப் போனார் என்று வைத்துக்கொள்வோம்.

பத்து நாள் படித்தாள். மீன் கூடையை இறக்கிவைத்ததும் தாளோடு உட்கார்ந்துவிடுவாள். எந்த வரி எந்த வரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். பழக்கம் முற்றி வீட்டில் எல்லாவற்றுக்கும் ஏன் கேட்க ஆரம்பித்தாள்.

"நான் சாப்பிட்டுட்டேன்," என்பான் இராயப்பன்.

"ஏன்?"

"பசிச்சிச்சு."

"அது காரணமில்ல. பசிச்சவன் எல்லாஞ் சாப்பிட்டானா? தட்டு கழுவிக் கெடக்கான்னு காட்டுங்க."

நாலு மாதத்தில் முதல்முறையாக அவன் சிரித்தான். "ஏட்டி, அந்தச் சாமியே பரவாயில்லட்டி."

இரண்டாவது முறை கூண்டுக்குள் போனபோது அவளுக்குப் பயம் இல்லை. வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. மூன்றாவது வரியில் மட்டும் அது நின்றது.

"படகு நேர்கோட்டில் போனதாக ஏன் எடுத்துக்கொண்டீர்கள்?"

"எடுத்துக்கல. நேராப் போனாத்தான் தூரம் கம்மி. வளைஞ்சு போயிருந்தா இன்னும் கூடத்தான் வரும். கம்மியான தூரத்துக்கே நேரம் காணலன்னா கூடுனதுக்கு எங்க காணும்?"

மூன்றாவது வரியும் பச்சையானது. பிரகாசிக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. ஒரு அதிகாரி முன்னால் அவள் சொன்ன பேச்சு அப்படியே நின்றது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

கடைசி வரியும் பச்சையாகி, உடனே மஞ்சளானது.

"ஒவ்வொரு வரியும் பொருந்துகிறது. ஆனால் இந்த முடிவை ஏற்றால், முன்பே ஏற்ற ஆறு முடிவுகளோடு முரண்படும். ஏழு படகுகளில் ஒன்று அங்கே இருந்தது. ஏழும் அங்கே இல்லை என்று ஆகாது. முன்பு ஏற்றவை நிற்கும். இந்த முறையீடு ஏற்கப்படவில்லை. மீதம் ஒரு வாய்ப்பு."

வெளியே வந்து சொன்னபோது ஐகோர்ட்ராஜாவின் முகம் வெளுத்தது. எதிரே நாற்காலியில் அவள் உட்காரவில்லை.

"அந்த ஆறு பேருக்கு யாரு எழுதுனது?"

"நாந்தான்."

"எப்பிடி எழுதுனீய?"

"இதே மாதிரிதான். பேரையும் தூரத்தையும் மாத்துவேன். மனு எழுதும்போதும் அப்பிடித்தான். ஒரு மனு செல்லுபடியாச்சுன்னா அதையே ஊருக்கெல்லாம் எழுதுவோம்." குரல் இறங்கிவிட்டது. "ஏழாவதும் அதே நகல்னா ஏழு பேரும் போகலன்னு ஆயிருமேன்னு எனக்குத் தோணவேயில்ல. ஒவ்வொண்ணாத்தான் பாத்தேன். சேத்து வெச்சுப் பாக்கல."

"ஏழும் சரின்னா அந்தப் பிள்ள கால யாரு வெட்டுனது? ஏழுக்கும் பொதுவா இருக்குத வரி ஒண்ணு பொய்யி." பிரகாசி விரலைக் கொண்டுபோய்த் தாளில் வைத்தாள். "நாலாவது வரி."

உச்ச வேகம் எட்டு மைல். பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. சங்குமுனையில் எட்டு மைல் வேகத்தில் போகிற படகு என்றால் அது கரையில் கிடக்கிற படகுதான். பதிவுக்குச் சின்ன எஞ்சினைக் காட்டிவிட்டு மறுவாரமே பெரியதை மாட்டுவது அங்கே எல்லா வீட்டிலும் நடப்பது. பதிவு பண்ண வருகிற ஆளுக்கும் தெரியும். இராயப்பன் படகிலும் பெரியதுதான்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"கேக்கல. கேட்டா எழுத முடியாது."

"எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்," என்றாள் பிரகாசி. அவரைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள், வந்தது இது.

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். "ஆறு பேரும் எஞ்சின மறைச்சிருக்காவன்னு போட்டுக் குடுத்துருவமா?"

"குடுத்தா? அவிய போயிருக்கலாம்னு ஆகும். இவிய போகலன்னு ஆகுமா? ஊர்ப்பகைதான் மிச்சம்."

ஐகோர்ட்ராஜா அவளை நிமிர்ந்து பார்த்தார். பத்து நாளைக்கு முன்னால் மாமியாரின் வியாதியை எழுதிக்கொண்டு வந்தவள்.

வீட்டில் இராயப்பன் யாருக்கோ வலை கட்டிக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். அவள் நாலாவது வரி வரைக்கும் சொன்னாள்.

"நான் போகலட்டி."

"தெரியும். எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய?"

"பெரிய எஞ்சின்னு ஒத்துக்கிடுவோம். என்ன, அதிகாரி வந்து எஞ்சினக் கழட்டிட்டுப் போவான். போகட்டும்."

"பெரிய எஞ்சின்னா அஞ்சு மணி நேரத்துல அம்பத்து நாலு மைல் போகலாம்லா? நீங்களே போயி மாட்டிக்கிடுவீய."

அவன் வலையைத் தள்ளி வைத்தான். "போகலாம்னு யாரு சொன்னா? அந்தச் சனியன வேகமா விட்டா குடிச்சே தீத்துரும். கொடியேத்தம்னு முந்தின நாளே டீசல் பங்கை அடைச்சிட்டானுவ. மிச்சங் கெடந்ததை ஊத்திட்டுப் போனேன். தெக்க போயி வலையப் போட்டுட்டுச் சும்மாதான் கெடந்தோம். ஓடிக் காட்ட டீசலுக்கு எங்க போக?"

பிரகாசிக்குச் சட்டென்று மீட்டர் நினைவு வந்தது. எல்லாப் படகு டேங்கிலும், எஞ்சின் குடிக்கிற டீசலை அளக்கும் முத்திரை போட்ட மீட்டர் உண்டு. வாயிலைத் தாண்டும்போதும் திரும்பும்போதும் தானாகப் பதியும். ஏன்சாமி ஏற்றுக்கொண்ட பதிவு அது.

"அன்னைக்கு எவ்வளவு செலவு?"

"எம்பத்தஞ்சு லிட்டர். நாள் பூராவுக்கும்."

அடுப்பில் உலை கொதித்து வழிந்ததை இராயப்பன்தான் எழுந்து போய் இறக்கினான். அவள் தரையில் உட்கார்ந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். மெதுவாகப் போயிருந்தால் நேரம் காணாது. வேகமாகப் போயிருந்தால் டீசல் காணாது. இரண்டில் எதுவானாலும் முட்டுகிறது. இதில் எஞ்சின் பெரியதா சின்னதா என்று யாரும் சொல்லவே வேண்டாம். பொய்யும் வேண்டாம், ஒப்புதலும் வேண்டாம்.

மறுநாள் காலை ஐகோர்ட்ராஜா அதைப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பிறகு ஓரிடத்தில் பென்சிலை வைத்தார்.

"பாதித் தூரம் மெதுவா, பாதித் தூரம் வேகமாப் போயிருந்தா?"

அவள் உதட்டைக் கடித்தாள். ஒரு வழியை விட்டிருந்தாள். ஒரு வழியை விட்டால் எல்லாமே போச்சு. மரத்தடியிலேயே உட்கார்ந்தாள். டீ வந்து ஆறியது. ஒரு மணி நேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"அஞ்சு மணி நேரமும் மெதுவாவே போனாலும் நாப்பது மைலுக்கு மேல ஆகாது. அப்ப அம்பத்து நாலுல பதினாலு மைலாவது வேகமா போயிருக்கணும். எப்பிடிக் கலந்து போயிருந்தாலும் அந்தப் பதினாலு உண்டு. எட்டு மைல் வேகத்தத் தாண்டுனா இந்த மாதிரிப் படகு மைலுக்கு எவ்வளவு குடிக்கும்?"

படகுகளைத் தண்ணீரில் இழுத்துப் பார்த்து, எந்த வேகத்துக்கு எவ்வளவு டீசல் என்று அரசு போட்ட பட்டியல் ஒன்று உண்டு, ஏன்சாமி ஏற்ற பதிவு. அவர் புரட்டினார். "எந்த எஞ்சினானாலும் ஏழு லிட்டருக்குக் கொறையாது."

"பதினாலேழு தொண்ணூத்தெட்டு."

"செலவு?"

"எம்பத்தஞ்சு."

ஐகோர்ட்ராஜா கண்ணாடியைக் கழற்றினார். "ஏ பிரகாசி, நான் இத்தன வருசம் எழுதுனது எல்லாம் நகலு. இதான் நிரூபணம்."

மூன்றாவது தடவை இராயப்பனும் கூட வந்தான். உள்ளே விடமாட்டார்கள், வாசலில் நின்றான். எதிரே வந்தவர்கள் அவனை விலகிச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கூண்டுக்குள் வரிகள் பச்சையாகிக்கொண்டே வந்து ஆறில் நின்றன.

"வரி ஆறு. பதிவேடு உச்ச வேகம் எட்டு என்கிறது. அப்படியிருக்க, எட்டைத் தாண்டிய வழியை ஏன் எடுத்துக்கொண்டீர்கள்?"

இது வரும் என்று அவளுக்குத் தெரியும். பத்துவிதமாகப் பதில் யோசித்து வைத்திருந்தாள். வெளியே நிற்கிறவன் நினைவுக்கு வந்தான். கடைசி வாய்ப்பு.

"பதிவேடு சொல்லுதத நான் இதுல எங்கயும் வெச்சுக்கல சாமி. அத நம்பியும் எழுதல, மறுத்தும் எழுதல. வேகம் எட்டைத் தாண்டியிருக்கும், இல்லன்னா தாண்டியிருக்காது. மூணாவது ஒண்ணு கிடையாது. ரெண்டையும் பாத்துட்டேன். ரெண்டுலயும் அவிய அங்க இல்ல."

"பதிவேடு தவறு என்கிறீர்களா?"

"நான் அத நிரூபிக்க வரல."

திரை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அது யோசிக்கிறதா, யோசிக்கிற மாதிரி நிற்கிறதா என்று யாருக்கும் தெரியாது. பிறகு ஆறு பச்சையானது. ஏழு, எட்டு, ஒன்பது. கடைசி வரி மஞ்சளாகும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஆகவில்லை.

"முறையீடு ஏற்கப்பட்டது. இராயப்பன் மீதான தடை நீங்குகிறது. முன்பு ஏற்ற ஆறு முடிவுகளோடு இது முரண்படுகிறது. இதில் ஐயத்துக்குரிய வரி இல்லை. அந்த ஆறிலும் பொதுவாக உள்ள பதிவேட்டு வரி, இனி ஏற்ற உண்மைகளின் பட்டியலில் இராது. ஆறு முறையீடுகளும் மீண்டும் திறக்கப்படுகின்றன. மூன்று வாய்ப்புகள் தரப்படும்."

பிரகாசி எழுந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள். கொட்டாவிதான் வந்தது. நாலு மாதத் தூக்கம் ஒரே கொட்டாவியாக.

வாசலில் இராயப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். பிறகு இருவரும் டீக்கடைக்குப் போய் டீ குடித்தார்கள். அவன் இரண்டு குடித்தான்.

சேதி அவர்களுக்கு முன்பே சங்குமுனைக்குப் போய்விட்டது. முதலில் வந்தது வசவு. ஆறு வீட்டையும் இழுத்து விட்டுட்டியேட்டி என்று ஒருத்தி வாசலில் நின்று கத்தினாள். பிரகாசி பதில் சொல்லாமல் ஒரு பாயை விரித்துத் தாளையும் பேனாவையும் எடுத்து வைத்தாள்.

"கத்தி முடிச்சிட்டு உள்ள வா. உங்க மீட்டர் எவ்வளவு காட்டிச்சு?"

வந்தவள் யோசித்தாள். "தொண்ணூறு."

"உங்க தூரம் என்ன? வா, போட்டுப் பாப்போம்."

மூன்று நாளில் ஐந்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். பங்க் அடைத்திருந்த நாள், எல்லோரிடமும் டீசல் குறைவுதான். ஐந்து பேருக்கும் கணக்கு முட்டியது. ஆனால் போனார் என்று வைத்துக்கொள்வோம் என்ற வரியை எழுதச் சொன்னபோது ஐந்து பேரும் பேனாவைக் கீழே வைத்தார்கள். பிரகாசிக்குச் சிரிப்பு வந்தது. அவரவருக்குத் தனித்தனியாக, நகல் எடுக்காமல், வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தாள்.

ஆறாவது வீடு கஸ்பாருடையது. அவன் மனைவி சேசம்மா வரவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசாமலே எல்லோரும் ஆறிலிருந்து ஐந்தைக் கழித்துவிட்டிருந்தார்கள்.

நான்காம் நாள் மதியம், ஐந்து பேரும் தாள்களோடு இருக்கும்போது, சேசம்மா வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கக்கா," என்றாள் பிரகாசி. "உங்களது எவ்வளவு?"

"நூத்தி எழுவது." சேசம்மா யாரையும் பார்க்கவில்லை. "எங்க வீட்டுல ரெண்டு கேன் ஒளிச்சு வெச்சிருந்தோம். இந்தக் கணக்கு எங்களுக்கு வராது பிரகாசி."

பாயில் ஒருத்தி பேனாவை மூடிவைத்தாள்.

"என்னமோ கட்டையில தட்டுன மாதிரி இருந்துச்சுன்னுதான் மொதல்ல சொன்னாவ. பொறவு சொன்னாவ, திரும்பிப் பாத்தேன், தண்ணி செவப்பா இருந்துச்சுன்னு. நாலு மாசமா எங்க வீட்டுல வெளக்கணைச்சுத் தூங்கல. உன் வீட்டுக்காரர் தெருவுல தலையக் குனிஞ்சிட்டுப் போவாரு. நான் கதவைச் சாத்திக்கிடுவேன்."

பிரகாசிக்குக் கோபம் வர வேண்டும். தேடிப் பார்த்தாள், இருந்தது. ஆனால் எழுந்து போய் அவள் முகத்தில் அறைகிற அளவுக்கு இல்லை.

"இப்ப அவிய எங்க?"

"காலையிலயே நடுவத்துக்குப் போயிட்டாவ. அந்தப் பிள்ளையப் போயிப் பாக்கணும்னும் சொன்னாவ. தானாப் போயிச் சொன்னா ஆயுளுக்கும் தடை வராதாம், அஞ்சு வருசமாம். வந்தா வரட்டும்." சேசம்மா மூக்கைச் சிந்தினாள். "நான் எதுவும் கேக்க வரல. தனியா வீட்டுல இருக்க முடியல, அதான்."

பிரகாசி கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டாள். சேசம்மா சுவரோரம் வந்து உட்கார்ந்தாள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பாதி குடித்துவிட்டுச் சொம்பைக் கையில் பிடித்தபடியே தலையைச் சுவரில் சாய்த்தாள். கண் சொருகியது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. ஆழ்ந்து மூச்சு வந்தது.

பிரகாசி அவள் கையிலிருந்து சொம்பை மெல்ல எடுத்துக் கீழே வைத்தாள். மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவரவர் மைல்களை ஏழால் பெருக்க ஆரம்பித்தார்கள்.